நாற்காலி இழுக்கும் சத்தம்

கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நோயாளியை அறைக்குள் அழைத்து வருவதற்கு முன்பே நாற்காலியை அதன் இடத்தில் போட்டுவிடுவேன். அவர்கள் பார்க்க இழுக்கமாட்டேன். பயிற்சி டாக்டராகச் சேர்ந்த புதிதில் கூட வேலை செய்த ஒருவன், "என்னா, கல்யாண வீடா? பந்திக்கு நாற்காலி போடுற?" என்று கேலி செய்தான். எனக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று மட்டும் நாற்காலியை நேராக்கிவிட்டு நோயாளியைக் கூப்பிடப் போனேன்.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் கெட்ட செய்தி சொல்வதற்கென்றே ஒரு பாடம் உண்டு, அதற்குப் பரீட்சையும் உண்டு. கதவைச் சாத்த வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். உங்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் அவரையே கேட்க வேண்டும். பிறகு, "முடிவு நாம் நினைத்தது போல இல்லை" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அழுதால் டிஷ்யூப் பெட்டியை நகர்த்த வேண்டும். இரக்கம் காட்டினால் ஒரு டிக். இரக்கத்துக்கு டிக் போடுவது என்ன கூத்து என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் டிக் வாங்காவிட்டால் டாக்டர் ஆக முடியாது. நானும் கண்ணாடி முன்னால் நின்று இரக்கப்பட்டுப் பழகினேன்.

இந்தப் பாடத்துக்கு நோயாளிகள் வேண்டும். நிஜ நோயாளியிடம் போய் உனக்குப் புற்றுநோய் என்று சொல்லிப் பழக முடியுமா? அதனால் நடிக்க ஆட்களைக் கூட்டி வருவார்கள். என்ன நோய், எப்போதிலிருந்து, எங்கே வலி, எதைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். கல்லூரி வேன் ரெம்பாவ் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கும் வரும். அப்படி வந்த வேனில் முதலில் ஏறியது என் சின்னம்மா.

அம்மாவின் தங்கை. அம்மாவும் அப்பாவும் தோட்டத்தை விட்டு சிரம்பான் பக்கம் லோபாக்கில் வீடு பார்த்துக்கொண்டு போனபோது, சின்னம்மாவும் சித்தப்பாவும் மட்டும் தோட்டத்து லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். சித்தப்பா டிராக்டர் ஓட்டுகிறார். சின்னம்மா செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. லயத்தில் பாதி வீடுகளில் இப்போது வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். பேச ஆளில்லாமல் அவளுக்கு வாய் நமநமத்துக் கிடந்தது. வேன் வந்ததும், "நடிக்கணுமா? நான் அழுதா ஊரே அழும் லா!" என்று ஏறிவிட்டாள்.

சொன்னபடியே அழுதாள். கல்லூரியில் அவளுக்கு நல்ல பெயர். வயிற்றுப் புற்றுநோய்க் கேஸ் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தக்காரி என்பதால் என் பரீட்சைக்கு அவளைப் போடமாட்டார்கள். ஆனால் வார இறுதியில் படிப்பதற்காக நான் தோட்டத்துக்குப் போவேன். அப்போது அவள் கூத்தெல்லாம் நடக்கும்.

"ஒருத்தன் வந்தான்டி, இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள டிஷ்யூவ என் கையில திணிக்கிறான். நான் எதுக்குடா அழணும்னு முழிக்கிறேன்." "ஒரு பொண்ணு என் தோளப் பிடிச்சு ஆறுதல் சொல்லுது. என்னா பிடி! மாடு பிடிக்கிற மாதிரி." இப்படி ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவாள். சித்தப்பா பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டே சிரிப்பார். ஒவ்வொருவரும் போன பிறகு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்களாம். இந்த டாக்டரிடம் மறுபடியும் வருவீர்களா? அதற்கு அவள் சொல்லும் பதிலுக்கும் மார்க் உண்டு. "பாவம் பிள்ளைங்க, எல்லாருக்கும் வருவேன்னு போட்டுட்டேன். அந்த மாடு பிடிக்கிற பொண்ணுக்கு மட்டும் வரமாட்டேன்னுட்டேன்."

பிறகு ஒருநாள் சொன்னாள். "அவங்க சொல்லவே வேணாம்டி. நாற்காலிய இழுப்பாங்கல்ல, கர்ருன்னு, அப்பவே நெஞ்சு திக்குங்குது. நடிப்புன்னு தெரியும். தெரிஞ்சும் திக்குங்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "வாயால நோயக் கூப்புடுறியே, வந்து உக்காந்துகிட்டா என்னா செய்வ?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று திட்டுவார். சின்னம்மா கேட்காத மாதிரி இருப்பாள். ஆனால் அவளுக்கும் பயம் இருந்தது. ஒருமுறை, கணவர் விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தியைக் கேட்டு அழும் வேஷத்தைக் கொடுத்தார்களாம். முடியவே முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள். "எனக்கு என்ன வேணா வரட்டும். அந்த மனுசன வச்சு நடிக்கமாட்டேன்."

இன்னொன்றும் செய்வாள். கல்லூரி வேனில் இருந்து இறங்கினால் நேரே வீட்டுக்குள் வரமாட்டாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் செய்வது போல, வாசல் குழாயடியில் சேலையோடு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் படியேறுவாள். அங்கே கேட்ட நோயெல்லாம் அங்கேயே போய்விட வேண்டுமாம். மருத்துவம் படிக்கிற பெண் நான், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா? "சின்னம்மா, புற்றுநோய் தலையில ஒட்டிக்கிட்டு வருமா? சளி பிடிக்கும், அதுதான் வரும்" என்று கத்துவேன். "ஒனக்கு ஒன் பாடம், எனக்கு என் தண்ணி" என்பாள்.

ஒருநாள் அவள் திரும்பி வந்தபோது குழாயில் தண்ணீர் இல்லை. வட்டாரம் முழுக்கத் தண்ணீர் நிறுத்தம். பீப்பாயில் இருந்ததையும் மத்தியானமே துணிக்குச் செலவழித்துவிட்டார் சித்தப்பா. பக்கத்து வீட்டிலும் இல்லை. தண்ணீர் லாரி வரும் என்றார்கள், வரவில்லை. சின்னம்மா படிக்குக் கீழேயே நின்றாள். நானும் சித்தப்பாவும் மாறி மாறிக் கூப்பிட்டோம். கால் மாற்றி மாற்றி நின்றாளே தவிர ஏறவில்லை. கடைசியில், கல்லூரியில் சாப்பாட்டோடு கொடுத்த மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து, உச்சந்தலையில் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சித்தப்பா சிரித்தார். அவள் அன்று யாரையும் நடித்துக் காட்டவில்லை.

அதன் பிறகு எனக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் மாணவப் பயிற்சி போட்டார்கள். தோட்டத்துப் பக்கம் வெகுநாள் போக முடியவில்லை. போனில் பேசும்போது அவள் வழக்கம் போலத்தான் பேசினாள். கடைசிப் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டதும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்றவளைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. கேட்டதற்கு, "வெயில்ல பழம் பொறுக்குனா கொழுப்பா வைக்கும்?" என்றாள். எனக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு அவள் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினாள். சித்தப்பா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் மழை கட்டிக்கொண்டு நின்றது. எண்ணெய் ஆலையில் இருந்து செம்பனை வேகும் வாடை கனமாக வந்தது. நான் வயிற்றுப் பரிசோதனைப் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். சின்னம்மா முன்னறைக் கட்டிலில் வந்து படுத்தாள். "சும்மா காத்துல கைய ஆட்டாத. வா, வயித்த அமுக்கிப் பாரு" என்றாள்.

இது எங்களுக்குள் பழைய வழக்கம். கல்லூரியில் முதலில் நோயைச் சொல்லித்தரமாட்டார்கள். நல்ல உடம்பு எப்படி இருக்கும் என்றுதான் சொல்லித்தருவார்கள். நல்லது கைக்குப் பழகினால்தான் கெட்டது பட்டவுடன் தெரியும் என்பார்கள். நான் பழகியது சின்னம்மாவின் வயிற்றில். ஈரல் எங்கே முடிகிறது, குடல் எங்கே இளகும், எங்கே தொட்டால் அவளுக்குக் கூச்சம் எடுக்கும், எல்லாம் என் விரலுக்குத் தெரியும். அவள் நெளிந்து சிரித்துக்கொண்டே படுத்திருப்பாள், நான் அதட்டிக்கொண்டே அமுக்குவேன்.

கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். கட்டிலருகே முழங்காலிட்டேன். இன்னொன்றும் சொல்லித்தந்திருக்கிறார்கள். அமுக்கும்போது கையைப் பார்க்கக் கூடாது, நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும், வலித்தால் முகத்தில்தான் முதலில் தெரியும். அதனால் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் ஒன்றுமில்லை. தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குழிக்குக் கீழே வந்ததும் என் விரல் நின்றது.

அங்கே ஏதோ இருந்தது. கெட்டியாக, மேடும் பள்ளமுமாக. அவள் மூச்சை இழுத்தபோது அது என் விரலுக்குக் கீழே மெல்ல இறங்கியது.

முகத்தை மாற்றக் கூடாது என்பதும் பாடம்தான். நான் மாற்றவில்லை என்றுதான் நினைத்தேன். மிச்ச வயிற்றையும் ஒழுங்காக அமுக்கினேன். எனக்கு நேரம் வேண்டியிருந்தது. "அடுத்து கழுத்துடி" என்றாள் சின்னம்மா. "பாதிப் பிள்ளைங்க மறந்துருவாங்க. மறந்தா மார்க் போயிரும்." அவள் சொன்ன இடத்துக்கே என் கை போனது. இடது பக்கக் காறை எலும்புக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு கட்டி, நகராமல் இருந்தது. கழுத்தில் அது இருந்தால் என்ன அர்த்தம் என்று எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். வயிற்றில் தொடங்கியது வயிற்றோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.

"சின்னம்மா, சாப்பாடு எப்படி இறங்குது?" என்று கேட்டேன்.

"பசி இல்ல. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு ரொம்புன மாதிரி இருக்கு. ஒரு மூணு மாசமா எடை குறையுது. காய்ச்சல் இல்ல. வெளிய போறது சில நேரம் கருப்பா இருக்கு."

அப்படியே கல்லூரிப் பாடம். வார்த்தை மாறவில்லை, வரிசை மாறவில்லை. வருத்தமாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார்களே, அதுகூட மாறவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அந்த ஸ்கிரிப்ட சொல்லாத சின்னம்மா! நான் என்ன பரீட்சையா வைக்கிறேன்? நெசத்த சொல்லு!"

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "நெசம்தான்டி. எனக்கு அந்த வார்த்தைதான் வருது. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலியே."

பிறகு மெதுவாகச் சொன்னாள். கடைத்தெருக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த இளம் டாக்டர் எங்கள் கல்லூரியில் படித்தவன். அவள் வாயைத் திறந்து இதே வாக்கியங்களைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டதாம். "ஆன்ட்டி! என் பரீட்சைக்கு வந்தது நீங்கதானே! நீங்க அழுததுல நானே அழுதுட்டேன். இன்னும் மறக்கலையா டயலாக்க?" என்று சிரித்தானாம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. கேஸ்ட்ரிக்தான் லா ஆன்ட்டி, நேரத்துக்குச் சாப்பிடுங்க என்று மாத்திரை எழுதிக் கொடுத்தானாம். நோயாளி சொல்வதை நம்பு என்று எத்தனை வகுப்பில் சொன்னார்கள் எங்களுக்கு! அவனும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருப்பான்? அந்த மடையனை அப்போதே போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு வெறி வந்தது.

"ஏன் சின்னம்மா, நெசமா வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா?"

"நானும் சிரிச்சிட்டேன்டி. எனக்கே சந்தேகம். நெசமா வலிக்குதா, இல்ல சொல்லிச் சொல்லி வலிக்கிற மாதிரி இருக்கான்னு." பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்குத் தண்ணி வரலல்ல" என்றாள்.

எந்த நாளைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று கத்தத் தோன்றியது. இது உடம்புக்குள் நடப்பது, தண்ணீருக்கும் இதற்கும் ஒன்றுமில்லை, அந்த வேனில் ஏறுவதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்று விளக்கியிருக்கலாம். என்னிடம் எல்லாப் பாடமும் இருந்தது.

எழுந்தேன். வெளியே மழை விழத் தொடங்கியது. சாரல் உள்ளே வரக் கூடாதே என்பது போல நான் போய் வாசல் கதவைச் சாத்தினேன். மூலையில் சித்தப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது. நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். சிமெண்டுத் தரையில் அது கர்ரென்று சத்தமிட்டது.

சின்னம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வடிந்துபோனது. அப்படி ஒரு முகத்தை அவள் நடித்து நான் பார்த்ததில்லை.

"இழுக்காதடி" என்றாள். "வேணாம். நின்னுகிட்டே சொல்லு."

நான் பாதி வழியில் நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன். நாளைக்கே சிரம்பானுக்குப் போக வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், இன்னும் எதுவும் உறுதியில்லை என்று என்னென்னவோ உளறினேன். அழுகையும் வந்துவிட்டது. டிஷ்யூவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள்தான் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு கட்டிலை விட்டு இறங்கி, நான் சாத்திய கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். கொட்டும் மழையில் குழாயடியில் உட்கார்ந்து, குழாயையும் திறந்து, வாளியில் பிடித்துப் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். வேலை முடிந்து வந்த சித்தப்பா டிராக்டரை நிறுத்திவிட்டு மழையிலேயே நின்று பார்த்தார். இன்று கல்லூரி வேன் வரவில்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குழாயில் அன்று தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று நான் அவளோடு அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். பெரிய டாக்டர் நல்லவர். கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சின்னம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. "உங்களுக்கு என்ன தெரியும் அம்மா?" என்று கேட்டார். நாம் நினைத்தது போல இல்லை என்றார். அறுவை செய்து எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். சொல்லிவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். எதையும் விடவில்லை அவர், ஒன்றுகூடக் குறை சொல்ல முடியாது. ஊரே அழும்படி அழுகிற என் சின்னம்மா அன்று அழவில்லை. அவர் நகர்த்திய டிஷ்யூப் பெட்டியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே வந்து காடி நிறுத்திய இடம் வரை நடந்தோம். சித்தப்பா முன்னால் போய்க் கார்க் கதவைத் திறந்தார். அவள் ஏறாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான்டி சொன்னாரு" என்றாள். "அவருகிட்ட மறுபடியும் வருவேன்னு போடலாம். வரத்தான் முடியுமான்னு தெரியல."